திரையில் இரண்டு ஜோடிச் செருப்பு

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்கு என் நிம்மதி போயிற்று. மின்வெட்டு முடிந்து விசிறி சுற்றத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் நேரம் நினைவிருக்கிறது. மகள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். துபாயிலிருந்து என் தம்பி அவளுக்குக் கொண்டுவந்த கேம் மெஷின் கட்டிலில் கிடந்தது. சார்ஜ் போடலாமே என்று எடுத்தேன். கை எதிலோ பட்டுத் திரை ஒளிர்ந்தது.

வந்த புதிதில் அதில் வெறும் வண்ண அலைதான் தெரியும். மகளுக்கு அது பிடிக்கவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படங்களை ஏற்றிக்கொண்டு வந்து, பூனை, மழை, ரயில் என்று மாற்றிக்கொண்டே இருந்தாள். கல்லூரியில் எல்லாரும் அப்படித்தான் என்றாள், நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு இருந்தது செருப்பு. எங்கள் ஊர் மலைக்கோயில் படிக்கட்டின் அடியில் இரண்டு ஜோடி, ஒட்டி ஒட்டி. நீலப் பட்டை வைத்தது அவளுடையது, பஜாரில் நானே பேரம் பேசி வாங்கியது. மற்றது ஆண் செருப்பு. அந்த மெஷினில் கேமரா கிடையாது. எங்கள் வீட்டிலும் கிடையாது. அப்படியானால் படம் எடுத்தது யார்?

ஈரத் தலையோடு வந்தவளிடம் கேட்டேன்.

"பிரெண்டோடதும்மா. சும்மா அழகா இருந்துச்சு, வெச்சேன்."

"பிரெண்டுக்கு இவ்ளோ பெரிய காலா?"

"நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்மா."

கே.ஜி.கண்டிகையில் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "படத்துல செருப்புதானே கீது? ஆளு இல்லியே. ஆளு வந்தா கூப்புடு."

அடுத்த சில நாட்கள் நான் ஊரில் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். செல்போன் கடைக்காரன், டவுன் பஸ் கண்டக்டர், எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தவன். அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை வெறுங்காலில் போனதால் அவனை விட்டேன். பிறகு, ஏன் வெறுங்காலில் போகிறான் என்று அவனையும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரக் கடைசியில் அவள் தூங்கும்போது மெஷினை மறுபடி இயக்கிப் பார்த்தேன். செருப்பு இல்லை. பூனையும் ரயிலும்கூட இல்லை. பழைய வண்ண அலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்?

மறுநாள் முகூர்த்த நாள். தறிகள் நிறைந்த பொதட்டூர்பேட்டையில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மகள் காலையிலேயே கிளம்பினாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று தோன்றியதும், மலைக்குப் போகும் ஆட்டோவில் ஏறினேன்.

பெரியவர்கள் யாரும் இல்லாமல் வந்து, தாலி கட்டிக்கொண்டு இறங்கும் ஜோடிகளை எங்கள் ஊரார் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கூட வந்த நண்பர்கள் அடிக்கடி திரும்பிச் சாலையைப் பார்ப்பார்கள். பின்னால் ஓடிவந்து தலையில் அடித்துக்கொள்ளும் தாய்மார்களையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்று செருப்பு விடும் இடத்தருகே அவர்களில் ஒருத்தியைப் போல உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மாலைக்குள்ளும் என் மகள் முகத்தைத் தேடினேன்.

"யாருக்கும்மா காத்துகினு கீறீங்க?" என்று பூக்காரி கேட்டாள். சொந்தக்காரர் கல்யாணம் என்றேன்.

"எந்த மண்டபம்?"

அவளிடம் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

நல்ல நேரம் முடிந்து கூட்டம் கலைந்தது. அவள் வரவில்லை. அதற்காக அவள் தோழி வீட்டுக்குத்தான் போனாள் என்று நான் நம்பிவிடவும் இல்லை. வேறு கோயிலுக்குப் போயிருப்பாளோ என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகப் புறப்பட்டார்.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியது நான் பார்த்தே இராத ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். தலைமுடியில் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. என் மகளின் கையைப் பிடித்து இறக்கினார். மகள் கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். பழைய சங்கிலி மட்டும் இருந்தது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா உள்ளே வரவில்லை. படியிலேயே நின்று சொன்னார்:

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவல. எம் புள்ளையும் இதுவும் மலைக்குப் போறதுக்கு ரெடியாயி எங்க ஊட்லதான் நின்னுகினு இருந்துச்சிங்க. சாப்ட்டு போங்கன்னு சோறு போட்டு உக்கார வெச்சிட்டேன். பெத்தவங்களாண்ட ஒரு வார்த்த கேக்காம எப்டிங்க? நீங்க இன்னா சொல்றீங்களோ, அதக் கேட்டுகினு போலாம்னுதான் வந்தேன்."