பொறுப்பாளர் என்ற கோட்டில் தவராசா

தவராசா இறந்த செய்தியும் முதலில் என் மகனுக்குத்தான் வந்தது. அன்று காலை ஏழு மணி தாண்டியும் வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை. மகன் நிஸார் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படலையில் நின்றான். தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தான். "வாப்பா, தவராசா அண்ணன் போயிட்டாராம். ஓட்டோவத் துடைச்சுக்கொண்டு நிண்டவராம். நெஞ்சு நோகுது எண்டாராம். அவ்வளவுதானாம்" என்றான். அவருக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கு எழுபத்தொன்று. நான் இறந்தால் இவன் இப்படி நிலத்தில் உட்காருவானா என்பதுதான் எனக்கு முதலில் வந்த எண்ணம். துக்கம் அதற்குப் பிறகே வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மனைவி பவளம் கேட்டார். முதலில் நிஸாரைக் கேட்டாராம். அவன் என்னைக் காட்டிவிட்டான். "காக்கா, அவர் தூள் அடிச்சதை ஒருத்தருக்கும் மறைக்கேல்ல. நீங்களும் மறைக்காம எழுதுங்கோ" என்றார், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடும் பவளம். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன். நான் எழுதப் பழகி ஓராண்டுகூட ஆகவில்லை. ஒரு வரி முடிய ஒரு பிளேன்ரீ ஆறிப்போகிறது. ஆறின தேநீரும் இந்த நாட்களில் எனக்கு ருசியாக இருக்கிறது. அவரை அறிந்த நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

மூதூருக்கு வள்ளம் போகும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் அவருடைய ஓட்டோ நிற்கும். அவர் கிளிவெட்டிக்காரர். நான் தோப்பூரில் பிறந்து, துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவன். நாங்கள் பல வருடமாகத் தலையசைத்துக் கொள்வோம், கதைத்ததில்லை. என் மகன் நிஸார் ஆழ்கடல் வள்ளங்களில் போய்வந்தவன். உடம்பு நோவுக்கு என்று யாரோ கொடுத்த ஹெரோயின் தூள் அவனைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் அவனுடைய உம்மாவின் தையல் மெசின் போனது, என் வலை போனது. நான் அடித்தேன், ஓதிப் பார்த்தேன். வேறு மாவட்டத்தில், தூளை விடவைப்பார்கள் என்று சொன்ன ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கே பூட்டு இருந்தது, மருந்து இருக்கவில்லை. நாலாம் நாள் மதில் ஏறிக் குதித்து வந்துவிட்டான்.

ஒரு நாள் உச்சி வெயிலில் நிஸார் இறங்குதுறையில் சாரத்தால் உடம்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். மூக்கால் ஒழுகியது. கடைக்குப் போய் வந்த நான் சீனிப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றேன். தவராசா ஓட்டோவை விட்டு இறங்கி வந்து அவனுக்கு முன்னால் குந்தினார். "கடைசியா எப்ப அடிச்சனி?" என்று கேட்டார். "நேற்றுக் காலமை" என்றான் நிஸார். நாலு வருடமாக நான் அதையே கேட்டேன். அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணி இல்லை என்றவன், முன்பின் பழகாத ஒருவருக்கு ஒரே கேள்வியில் பதில் சொன்னான். என் கையிலிருந்த சீனிப் பொட்டலத்தை வீசவேண்டும் போல இருந்தது.

"இது காய்ச்சல் இல்லத் தம்பி. எனக்கும் வந்தது. இதுக்கு மருந்திருக்கு" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நானும் ஆறு வருசம் அடிச்சனான் காக்கா" என்றார், சொந்த ஊரைச் சொல்வது போல.

அவருக்கு மருந்து கிடைத்தது முன்பொரு காலத்தில், தூரத்து நகரம் ஒன்றில். இப்போது பக்கத்தில் எங்கே கொடுக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. ஓட்டத்தை விட்டுவிட்டு நிஸாரை ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரி ஆசுபத்திரியாகப் போனார். ஓரிடத்தில் துண்டு எழுதுகிறவர், "தூள்காரனோ?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டாராம். தவராசா அதைவிடச் சத்தமாக, "ஓம், ரெண்டு பேர். நான் பழசு, இவர் புதுசு. மருந்து எங்க தாறீங்க எண்டு சொல்லுங்கோ" என்றாராம். நிஸார் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து நாங்கள் கண்டு எத்தனையோ காலம். ஆசியா, என் மனைவி, கண்ணைத் துடைத்தாள். அந்தச் சிரிப்பை என்னால் வரவழைக்க முடியவில்லையே என்று நான் குசினிக்குள் போய் நின்றேன்.

மூன்றாம் நாள் ஒரு டொக்டரைக் கண்டுபிடித்தார்கள். முதலில் ஆசுபத்திரி வாட்டில் படுக்கவைத்து, உடம்பின் நடுக்கமும் நோவும் அடங்க மருந்து கொடுப்போம், பிறகு தினமும் காலையில் கிளினிக்குக்கு வந்து தாதியின் முன்னால் மருந்து குடிக்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை இருந்து கதைக்க வேண்டும், மாதக்கணக்கில் போகும், வருடமும் ஆகலாம் என்றார் அந்த டொக்டர். வாட்டில் சேர்க்கும் நாள் வந்தது. நான் போகவில்லை. அந்த வரிசையில் என்னைப் பள்ளிவாசல் ஆட்கள் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பயந்தேன். "எனக்கு மூட்டு நோகுது, நீங்க கூட்டிப் போங்க தம்பி" என்று தவராசாவிடம் சொன்னேன். அவர் என் முழங்காலைப் பார்த்தார். "கேக்க வெக்கப்பட்டா மருந்து கிடைக்காது காக்கா. தூள் வாங்கப் போகேக்க அவன் வெக்கப்படேல்ல" என்றார். பிறகு நிஸாரின் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பகல் முழுக்க இறங்குதுறையில் இருந்து, போகிற வள்ளத்தையும் வருகிற வள்ளத்தையும் பார்த்தேன்.

நிஸார் வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்தான். தினமும் காலை ஏழு மணிக்குத் தவராசா வருவார், ஹோர்ன் அடிப்பார், ஏற்றிப்போவார், எட்டரைக்குக் கொண்டுவந்து விடுவார். மகனுக்குச் சதை வைத்தது. தெருவில் கண்டவர்கள், "அந்த ஓட்டோக்காரர் உங்கட மகன மீட்டுத் தந்திட்டார்" என்றார்கள். நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு நடையைக் கூட்டுவேன். எங்கள் வீட்டில் பூப்போட்ட கோப்பை ஒன்று இருக்கிறது. விருந்தாளிக்கு மட்டும் அலுமாரியால் எடுப்பது. ஆசியா அதைத் தவராசாவுக்கு என்றே குசினியில் வைத்துவிட்டாள்.

நோன்பு மாதம் வந்தது. நான் ஒரு காரியம் செய்தேன். தவராசாவிடம், "இந்த மாசம் நீங்க வரத் தேவல்ல. மகன் நோன்பு" என்றேன். நிஸாரிடம், "நோன்பு பிடிச்சவன் காலமை மருந்து குடிக்க ஏலாது. அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றேன். நோன்புக்காகத்தான் சொன்னேன் என்று அப்போது என்னையே நம்பவைத்தேன். உண்மையில், மருந்தில்லாமல், தவராசா இல்லாமல், என் சொல்லால் அவன் சுகமாகி என் பக்கத்தில் தொழுகைக்கு நிற்பதை ஊர் காண வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தவராசா, "மருந்தை டக்கெண்டு விடக்கூடாது காக்கா, டொக்டரை ஒருக்கா கேப்பம்" என்றார். "எங்கட மார்க்கம் உங்களுக்கு விளங்காது" என்றேன். அவர் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போனார்.

நாலு நாள் நிஸார் என் பக்கத்தில் நின்று தொழுதான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஐந்தாம் நாள் பின்னேரம் இறங்குதுறைக் கழிவறைக்குள் விழுந்து கிடந்தான். திரும்பத் தூள் அடித்திருக்கிறான்; விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கவில்லை. உதடு நீலமாகி, மூச்சு நின்று நின்று வந்தது. கதவை உடைத்தவர் தவராசா. வரவேண்டாம் என்று நான் சொன்ன நாளிலிருந்து அவர் வீட்டுக்கு வரவில்லையே தவிர, தூரத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஆசுபத்திரியில் மகனுக்கு மூச்சு திரும்பிய பிறகு வெளிவாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். "நோன்பு திறந்திட்டீங்களா?" என்று கேட்டு ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினார். அந்தப் பழத்தால்தான் அன்று நான் நோன்பு திறந்தேன்.

மறுநாள் அவரே என்னை மௌலவியிடம் கூட்டிப் போனார். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். மௌலவி, "நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திரிக்கான். சுகமான பிறகு பிடிக்கலாம். இத ஏன் முதல்ல வந்து கேக்கல்ல?" என்றார். டொக்டரும் அதையே கேட்டார். மருந்தை நோன்பு திறந்த பிறகு குடிக்கும்படி நேரத்தை மாற்றித் தந்திருப்பாராம். "நீங்க பிரஷருக்கு எத்தனை வருசமாக் குளிசை போடுறீங்க ஐயா? அதைப்போலத்தான் இதுவும்" என்றார். இரண்டு பேரிடமும் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் ஆசியா என்னிடம், "உங்களுக்கு மகன் சுகமானாப் போதாதா? உங்கட கையாலதான் சுகமாகணுமா?" என்றாள்.

நிஸார் திரும்ப மருந்துக்குப் போனான். எனக்குப் பொறாமை போகவில்லை, வழியை மாற்றிக்கொண்டது. எனக்கு எழுத்துத் தெரியாது; மகனின் கிளினிக் கொப்பியை எனக்கு வாசித்துச் சொல்பவர் தவராசா. அடுத்த தவணை எப்போது, டொக்டரைச் சந்திப்பது எப்போது, எல்லாம் அவர் வாயால்தான் வரும். அதை நான் வாசிக்கவேண்டும் என்று நினைத்தேன். வாசிகசாலையில் பின்னேரங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். "அப்பா, கொப்பியை மூக்கில முட்டாதேங்கோ" என்று சிரிப்பார்கள். ஒரு நாள் வீதியில் நின்று ஒரு கடைப் பலகையை முழுதாக வாசித்துவிட்டேன். நாற்பது வருடம் நான் தாண்டிப் போன பலகை அது. கடைக்காரரிடம் போய் வாசித்தும் காட்டினேன். அவர் எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்தார்.

அந்தத் துணிவில் நிஸாரின் கொப்பியை எடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர், நிஸார். நல்லது. வயது, ஊர். அதற்குக் கீழே, பொறுப்பாளர் என்று அச்சடித்த ஒரு சொல். அதற்கு எதிரே கோட்டின் மேல் மணி மணியான தமிழில், தவராசா.

நான் வாழ்க்கையில் வாசித்த முதலாவது கொப்பியில், என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவர் பெயர் இருந்தது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ நிற்கும் இடத்துக்குப் போனேன்.

"இதென்ன தம்பி?"

அவர் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வாசிச்சுப் போட்டீங்களே காக்கா?" என்றார். நான் கோபமாகத்தான் நிற்கிறேன் என்று அவருக்கு விளங்க வெகுநேரமானது. பிறகு மெதுவாகச் சொன்னார். "அண்டைக்கு வாட்டில சேர்க்கேக்க கோடு வெறுமையாக் கிடந்தா எடுக்கமாட்டம் எண்டவை. நீங்க வரேல்ல. அதுதான் நான் போட்டனான். இந்தாங்கோ பேனை. இப்பவே மாத்துங்கோ."

எனக்கு அப்போது வாசிக்கத்தான் தெரியும். எழுதக் கை வரவில்லை. அதைச் சொல்ல நாவும் வரவில்லை. "பிறகு பார்ப்பம்" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. பேனையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எழுதப் பழகிற்று வாங்கோ. கோடு எங்கயும் போகாது" என்றார். அன்றிலிருந்து வீட்டில் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் அலியார், அலியார் என்று எழுதினேன். கை வந்ததும் அவர் முன்னால் எழுதிக் காட்டவேண்டும் என்று வைத்திருந்தேன். எழுத்து இன்னும் கொஞ்சம் திருந்தட்டும் என்று நாளைக் கடத்தினேன். அவருடைய எழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது மோசமாகத் தெரியக்கூடாது என்பதுதான் காரணம். அதற்குள் அவர் போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நானும் நிஸாரும் கிளினிக்குக்கு நடந்து போனோம். அந்த வரிசையில் நான் நின்றது அதுதான் முதல் முறை. பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு பேரைக் கண்டேன். ஒருவர் தன் மருமகனோடு நின்றார். ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொண்டோம். தாதி கொப்பியைப் பார்த்து, "பொறுப்பாளர் மோசம் போயிட்டார் எண்டு கேள்விப்பட்டம். வேற ஆளைப் போடவேணும்" என்று சொல்லி அவர் பெயரை வெட்டப் பேனையை எடுத்தார்.

"வெட்டாதீங்க மிஸ். கீழ இடமிரிக்கி" என்றேன்.

தாதி கொப்பியை என் பக்கம் திருப்பினார். நிஸார் தாள் நகராமல் விரலால் அழுத்திப் பிடித்தான். பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அலியார் என்று எழுதி முடித்தேன். "வடிவா இரிக்கி வாப்பா" என்றான் நிஸார். பிறகு மருந்தை வாங்கிக் குடித்தான்.

தவராசாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது காலை ஏழு மணி. அந்த நேரத்துக்கு மகனோடு நடக்கிறேன். வரிசையில் புதிதாக வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் தகப்பனைக் கண்டால் பக்கத்தில் போய், மருந்து எந்த அறையில் கொடுக்கிறார்கள் என்று சொல்கிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் மேலும் கீழுமாக இருக்கின்றன. தினமும் திறந்து பார்க்கிறேன். அவருடைய எழுத்துத்தான் அழகு. அதில் எனக்கு இன்னும் பொறாமை இருக்கிறது.