படகில் எழுதிய பாஸ்வேர்டு

எங்கள் வீட்டு மெயிலின் பாஸ்வேர்டை ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்கு வருகிற யாரும் படிக்கலாம். நைனாவின், அதாவது அப்பாவின், விசைப்படகில், முன்பக்கம், நீலத்தின்மேல் மஞ்சள் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருந்தது. பெண் பிறந்தால் படகுக்கு அவள் பெயரை வைப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை. எங்கள் படகுக்கு அக்காவின் பெயர். அந்தப் பெயரும் அதற்குக் கீழே இருந்த பதிவு எண்ணும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. அப்படி வைக்கச் சொன்னவர் நைனா. மறந்துபோனால் கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

அக்கா கல்லூரியில் சேர்ந்தபோது தொடங்கிய மெயில் அது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரே சீப்பு, ஒரே டிவி, ஒரே மெயில். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதற்கும் அதுதான், பக்கத்து வீட்டு அத்தையின் மகனுக்கும் அதுதான். வீட்டுக்குள் ரகசியம் வைப்பதை அம்மா ஒரு வியாதி மாதிரி பார்ப்பாள்.

இதில் மாமா வேறு. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். இலவசம் என்று எந்த இணையதளம் கூப்பிட்டாலும் ஓடிப்போய்ப் பதிவு செய்வார். ரிங்டோன், ராசிபலன், கிரிக்கெட் டிக்கெட்டுக் குலுக்கல், எதையும் விட்டதில்லை. பதிவுப் பக்கத்தில் முதலில் மெயில் முகவரி கேட்பார்கள், அதன் கீழே பாஸ்வேர்டு கேட்பார்கள். கேட்பது மெயிலின் பாஸ்வேர்டைத்தான் என்று மாமா நினைத்துவிட்டார். படகுக்கு எதிரே நின்று, அண்ணாந்து பார்த்து, எழுத்து எழுத்தாகத் தட்டிவிடுவார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்.

அக்கா அப்போது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு மெயிலில் வரும். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள்தான். அவள் தண்டையார்பேட்டைக்கு டைப்பிங் வகுப்புக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவளுடைய தோழி வீட்டுக்கு வந்தாள். அக்காவின் மெயிலிலிருந்து எல்லாத் தோழிகளுக்கும் உடம்பு இளைக்கிற மருந்து விளம்பரம் வந்திருக்கிறதாம். கொஞ்சம் குண்டான ஒருத்தி கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டாளாம்.

மாமா போனை எடுத்துத் திறந்து பார்த்தார். பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. படகிடம் ஓடிப்போய் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினார். அப்போதும் தப்பு. யாரோ உள்ளே நுழைந்து பூட்டையே மாற்றிவிட்டார்கள். அழைப்பு வந்திருந்தால் அதோடு போயிற்று. மாமாவின் முகம் செத்துப்போனது. அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நைனா செய்ததுதான் வேடிக்கை. தார்ப்பாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகின் பெயரை மூடிக் கயிறு கட்டினார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் படகுக்கு என்ன ஜுரமா என்று கேட்டார்கள். நைனா கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். மாமா தலையைத் தொங்கப்போட்டபடி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா பையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"அந்த வேலைக்கு நான் இந்த மெயில குடுக்கவே இல்ல மாமா. எனுக்குனு வேற ஒண்ணு வச்சிகினு கீறேன். நேத்தே கூப்ட்டாங்க. உங்க எல்லாருக்கும் ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன்."

மாமா அப்படியே மீன் கூடையின்மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பழைய மெயிலையும் அக்கா அன்றைக்கே மீட்டாள். நைனாவின் போனுக்கு வந்த எண்ணைப் போட்டுப் புதுப் பாஸ்வேர்டு வைத்தாள். மாமாவுக்குத் தனியாக ஒரு மெயில் தொடங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினாள்.

"அவன் கேக்கறது நம்ம மெயிலோட பாஸ்வேர்டு இல்ல மாமா. அவன் கடைக்கு நீ புதுசா ஒண்ணு வெக்கணும். ஒவ்வொரு கடைக்கும் வேற வேற."

மாமா பயபக்தியோடு தலையாட்டினார். நைனா தார்ப்பாயை அவிழ்க்கப் போனார். அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"எங்களாண்ட மறைக்கற அளவுக்கு இன்னாடி கீது உனுக்கு?"

அக்கா எழுந்துபோய் டீ போட்டாள். நானும் அம்மாவின் கட்சிதான். பள்ளியில் நடப்பதையெல்லாம் அக்காவிடம் கொட்டுகிற எனக்கே சொல்லாமல் இருந்தாளே என்று ஆத்திரம். வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் எனக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்த பிறகும் விடாமல் நச்சரித்தேன். சிரிப்பாளே தவிர சொல்லமாட்டாள்.

எங்கள் வீடு ஒரே அறை. அக்கா உடை மாற்ற வேண்டுமென்றால் கயிற்றில் போர்வையைத் தொங்கவிட்டு எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்ப வேண்டும். பெயரைக்கூட அவள் படகோடு பங்கு போட்டுக்கொண்டவள். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தத் தனி மெயில்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.