கல்யாணப் பத்திரிகையில் ஒரு பிணம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருக்கும் கலைச்செல்வி, பாண்டிச்சேரியில் ஜெர்மன் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை கம்பெனிக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவள். அந்த மாதம் வந்த வேலை, ஜெர்மன் அச்சுக்கூடத்தார் பேசும் சொற்களுக்கு ஆங்கிலச் சொல் கண்டுபிடிப்பது. விவகாரம் பிடித்த ஆட்கள். வேறு எழுத்துவகையிலிருந்து தவறி வந்து கலந்த எழுத்துக்கு வெங்காய மீன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் மண்டை காய்ந்து கிடந்த நாளில்தான் தம்பி நெடுமாறனின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. பிரித்துப் படித்தவள், "நைனா, ஒரு பொணம் விழுந்திருக்குது" என்றாள்.

அச்சில் விட்டுப்போன சொல்லை ஜெர்மன்காரர்கள் பிணம் என்பார்கள். பழக்கத்தில் அதுவே வாயில் வந்துவிட்டது. விட்டுப்போனது சித்தப்பா பாவாடையின் பெயர். அவரோ அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு பொணம்? நானா?"

"ஐயோ சித்தப்பா, ஜெர்மன்ல அப்டிதான் சொல்லுவாங்க."

"இங்கிலீஷ்ல இன்னா சொல்லுவான்?"

காலையில்தான் அதைத் தேடிப் பிடித்திருந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவுட்டு."

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்ற பாவாடை, கூடத்து நடுவே தெற்கே தலைவைத்துக் கண்ணை மூடிப் படுத்துவிட்டார்.

சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "செத்தவன் சோறு துன்னுவானா?" என்றார். சித்தி சுந்தராம்பாள் தன்பாட்டுக்கு அவரைச் சுற்றிக்கொண்டு போய் வேலை பார்த்தாள். அவலூர்பேட்டையிலிருந்து வந்த சொந்தக்காரர் தங்கராஜ், வாசலிலிருந்தே பார்த்துப் பதறி, ஓடிப்போய் மாலை வாங்கிவந்து போட்டுவிட்டார். பாவாடை கண்ணைத் திறந்தார். "சாமந்தியா? ரோஜா கெடைக்கலயா?" என்று குறைப்பட்டுக்கொண்டு மறுபடி செத்துப்போனார்.

கலைச்செல்வி பத்திரிகை அடித்த கடைக்கு ஓடினாள். அவர்கள் அவசர அவசரமாகப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், சித்தப்பா பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை.

"ரெண்டு தபா போட்டுட்டாங்க சித்தப்பா."

ஒரு கண் திறந்தது. "இத்த ஜெர்மன்காரன் இன்னான்னுவான்?"

"கல்யாணம்னுவான்."

பாவாடை எழுந்து உட்கார்ந்தார். "எனக்கா?"

"அந்த ஜெர்மன்காரன் நம்பரக் குடு, நான் பேசிக்கிறேன்" என்றாள் சித்தி, அடுப்படியிலிருந்து.

பாவாடை இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். பத்திரிகைகளை வண்டியில் எடுத்துக்கொண்டு, சிங்கவரம், அனந்தபுரம் என்று தானே கொடுக்கக் கிளம்பிவிட்டார். பெயர் ஏன் இரண்டு முறை என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஜெர்மன் மொற" என்றார். கலைச்செல்வி கல்யாணம் என்ற அந்த ஜெர்மன் சொல்லுக்கு நேராக டபுள் என்று அடித்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.