காலிக் கதிரைகளுக்கு வெளிச்சம்

இராஜகுமாரிக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பாடுகிறவர் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்தால் போதும். கண்டியில் எங்கே இசை நிகழ்ச்சி நடந்தாலும், யாரோ ஒரு புண்ணியவான் மேடையின் முன்விளிம்பில் பச்சை விளக்கைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்பியிருப்பான். அருமையாகப் பாடிக்கொண்டிருக்கும் மனிதர் சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி நிற்பார். "பாடுற மனுசன் ஒங்களுக்கு என்ன பாவம் செஞ்சாரு?" என்று இராஜகுமாரி நேரே போய்க் கேட்டுவிடுவாள். அது அடுத்தவர் விழா, தான் டிக்கெட் வாங்கி வந்தவள் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது ஞாபகம் வராது.

அவளுடைய தொழிலே மேடை விளக்குத்தான். தொண்ணூறுகளில் கல்யாண மண்டபம், பள்ளிக்கூட மண்டபம், பன்விலத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கொட்டகை என்று எங்கே கூப்பிட்டாலும் ஒரு பழைய வேனில் எட்டு பார் லைட்டையும் வயர்ச் சுருள்களையும் ஏற்றிக்கொண்டு போவாள். யுத்த காலம், சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்ட வேண்டும். தகர டப்பாவுக்குள் பெரிய பல்பு, அதற்கு முன்னால் கலர் பேப்பர், வேறொன்றும் இல்லை என்று அரைகுறைச் சிங்களத்தில் விளக்கி முடிப்பதற்குள் விழா தொடங்கிவிடும். தொழிலை ஆரம்பித்தவர் அவளுடைய கணவர் செல்லச்சாமி. கட்டாருக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். விளக்குகளை விட்டுப் போனாரே, அந்த மட்டில் நல்லது. ஆனாலும் போகிற இடமெல்லாம், "லைட்காரர் எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டார்கள். "முன்னால நிக்கிறேன். கண்ணு தெரியலையா?" என்பாள். அதிலேயே பாதி மண்டபம் அவளுக்கு எதிரியாகிவிடும்.

சின்ன மண்டபத்துக்கு எட்டு விளக்கே அதிகம் என்பது அவள் கட்சி. விழாக்காரர்களுக்கோ மேடை ஐஸ்கிரீம் கடை மாதிரி மின்ன வேண்டும். ஒரே பாட்டுக்குள் சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் சுற்றி வர வேண்டும். தபேலா தட்டுக்கு ஒரு வெட்டு, வயலின் இழுப்புக்கு ஒரு வெட்டு. "தாளம் போடத்தான் தபேலாக்காரர் ஒக்காந்திருக்காரே, நான் எதுக்கு லைட்டுல போடணும்?" என்று கேட்பாள். இரண்டு பக்கமும் உயரத்திலிருந்து சாய்வாக விழுந்தால்தான் முகத்துக்கு மூக்கும் கன்னமும் இருக்கும். நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகிவிடும், பாடுகிறவருக்குக் கண்ணும் கூசும். பின்னாலிருந்து கொஞ்சம் நீலம் விட்டால் ஆள் திரைச்சீலையோடு ஒட்டாமல் தனியாகத் தெரிவார். கடைசியில் உட்கார்ந்திருக்கும் டோலக்காரரை எல்லாரும் மறந்துபோவார்கள், அவருக்கென்று ஒரு விளக்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

எல்லாவற்றையும்விட அவள் வயிறு எரிந்தது ஒரு விஷயத்துக்குத்தான். ஏதாவது ஒரு பிள்ளை பாட வந்து நிற்கும். உடனே ஒருவர் வந்து காதோடு சொல்வார், "பிள்ளை கொஞ்சம் கறுப்பு. வெள்ளை லைட்ட நல்லாக் கூட்டுங்க." வெள்ளையைக் கூட்டினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். அதற்கு வேண்டியது பக்கவாட்டில் விழும் தேன் நிற வெளிச்சம், கறுப்பு முகம் அதில் எப்படி விளங்கும் என்று அவளுக்குத் தெரியும். "கறுப்பு என்ன வியாதியா, மறைச்சு வைக்கிறதுக்கு?" என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

இந்தக் கோபம் தொழிலோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். அவளுடைய தாய் ரத்தினம்மா மாநகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவள். விழா நடக்கும் நாட்களில் நகரத்து மண்டபத்தைக் காலையில் கூட்டுவாள், மறுநாள் கழிவையும் அள்ளுவாள். நடுவே என்ன நடந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. விளக்குப் போடுவதற்கு முன்னால் அவளைப் பின்கதவால் அனுப்பிவிடுவார்கள். விளக்கு யார்மேல் விழ வேண்டும், யார்மேல் விழக்கூடாது என்று முடிவு செய்கிற மனிதர்களை இராஜகுமாரி சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை விழாவும் அதே மண்டபத்தில்தான். நகரத்துக் கலை மன்றம் ஒன்று வருடாவருடம் நடத்தும் விழா, வருடாவருடம் விளக்குக்கு இராஜகுமாரியைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நிகழ்ச்சியைப் பின்னேரத்திலேயே வைத்திருந்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி வெயிலை அடைப்பதற்குள் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. கட்டி முடித்ததும் வெயில் போய்த் தூறல் பிடித்துக்கொண்டது.

ஒலிபெருக்கிக்கு அக்குறணை முஹம்மது வந்திருந்தார். பல வருடப் பழக்கம். பார்த்தவுடன் சண்டைதான்.

"தங்கச்சி, ஒங்கட டிம்மரக் கூட்டுற நேரமெல்லாம் ஏன்ட ஸ்பீக்கர் இரையுது."

"ரெண்டு பேரும் ஒரே பிளக்குல மாட்டினா இரையத்தான் செய்யும் நானா. நீங்க வேற லைன் எடுங்க."

"அந்தப் பக்கம் லைன் ஒண்டு ஈக்கிதான்," என்று முணுமுணுத்துக்கொண்டே முஹம்மது வயரை இழுத்துக்கொண்டு போனார்.

விழா தொடங்கி, பாதியில் இடைவேளை விட்டிருந்தபோது பின்பக்க முற்றத்தில் காவலாளியின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த தப்பு மேளக் குழு, கூரை ஓரமாக வைக்கோலைக் கொளுத்தப் பார்த்து ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஈரக் காற்றில் தப்பின் தோல் தளர்ந்துபோகும். நெருப்பில் காட்டி முறுக்கேற்றாவிட்டால் அது ஈரச் சாக்கைத் தட்டுவதுபோல் தொப்புத் தொப்பென்றுதான் கேட்கும். காவலாளியோ நெருப்பு என்றால் போலீஸ் என்றான். குழுவின் தலைவர் வீரையா, நரைத்த மீசைக்காரர், தப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இங்க வாங்கண்ணே," என்றாள் இராஜகுமாரி. மேடையின் பின்புறம் கூட்டிக்கொண்டு போய் ஒரு பார் லைட்டின் கலர் பேப்பரை உருவிவிட்டு, நேரே பிளக்கில் மாட்டி முழுதாக எரியவிட்டாள். வீரையா தப்பை அதன் முன்னால் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"நெருப்பேதான் தாயி. புகைதான் இல்ல," என்று சிரித்தார். ஒவ்வொருவராகத் தப்பைக் காட்டிச் சூடேற்றினார்கள். இப்படி ஓர் உபயோகம் தன் விளக்குக்கு உண்டு என்று இராஜகுமாரிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மன்றத்தின் செயலாளர் ராஜரத்தினம் அங்கே வந்தார். கையில் நிகழ்ச்சி நிரல், சட்டையில் பூச்சின்னம். "வீரையா, ஒங்க முறை வந்ததும் பக்கக் கதவால உள்ள வந்து, மேடைக்குக் கீழ எடப்பக்கம் தரையில நின்னு அடிங்க. மேல ஏற வேணாம்," என்றார்.

"ஏன்?" என்று கேட்டவள் இராஜகுமாரி.

"மேடையில அதிதிகள் கதிரை போட்டிருக்கு. எடம் இல்ல."

பச்சைப் பொய். அதிதிகளும் பிரதம அதிதியும் மேடையில் அமர்ந்து, ஆளுக்கு ஆள் பேசி, ஆளுக்கு ஆள் பொன்னாடை போர்த்தி முடித்து, கலை நிகழ்ச்சி பார்க்கக் கீழே முன்வரிசைக்கு இறங்கிவிட்டார்கள். பரிசளிப்புக்குத்தான் இனி ஏறுவார்கள். வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள் பின்னால் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் சற்று முன்புதான் ஒரு கூட்டம் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு பரதம் ஆடிவிட்டுப் போனார்கள். பரதத்துக்கு இருந்த இடம் தப்புக்கு இல்லாமல் போய்விட்டது.

"இப்பதானே பிள்ளைங்க ஆடினாங்க. அந்த எடம் எங்க போச்சு சேர்?"

"அது வேற, இது வேற. தப்பு கீழ நின்னு அடிக்கிறதுதானே வழமை. அம்மா, நீங்க ஒங்க லைட்டப் பாருங்க." சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். விழா அழைப்பிதழில் 'மண்ணின் கலைகளுக்கு மகுடம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தவரும் இதே ராஜரத்தினம்தான். மகுடம் வைக்கிற ஆளுக்கு, தலை தரையில் இருக்க வேண்டுமாம்.

இராஜகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, கவலப்படாதீங்க. ரெண்டு லைட்டக் கழட்டிக் கீழ கொண்டாறேன். ஒங்க ஒவ்வொருத்தர் மொகமும் தெரியிற மாதிரி நான் வைக்கிறேன்," என்றாள்.

வீரையா தலையை ஆட்டினார். "வேணாம் தாயி."

"ஏன்ணே?"

"லைட்டு போட்டா, நாங்க கீழ நிக்கிறது எல்லாருக்கும் தெரியும். எங்க தோட்டத்துச் சனமும் பின்னால ஒக்காந்திருக்கு, எம் பேத்தியும் வந்திருக்கா. இருட்டா இருந்தா சத்தம் மட்டும் கேக்கும். மானம் மிஞ்சும்."

இத்தனை வருடமாக, வெளிச்சம் போட்டால் மரியாதை வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் இராஜகுமாரி. நல்ல வெளிச்சம் போட்டு அந்தத் தரையை அழகாக்கிக் கொடுத்தால், அடுத்த வருடமும் அங்கேயே நிறுத்துவார்கள். பாருங்கள், எவ்வளவு நன்றாக இருந்தது என்று பத்திரிகையில் படமும் போடுவார்கள். போடாவிட்டால் இந்த மனிதர் இருட்டில் நின்று அடித்துவிட்டுப் போவார். இரண்டிலும் ராஜரத்தினத்துக்கே வெற்றி. மண்டபத்தின் பின்கோடியில் முஹம்மதுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தன் டிம்மர்ப் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்த மன்றம் அதற்குப் பிறகு அவளை ஒருபோதும் கூப்பிடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அவளும் அது தெரிந்தேதான் அடுத்ததைச் செய்தாள்.

அறிவிப்பாளர், "அடுத்து, மலையகத்தின் தப்பு முழக்கம்," என்றார். இராஜகுமாரி மண்டபத்து விளக்குகளை அணைக்கச் சொன்னாள். பக்கக் கதவு திறந்தது, கீழே தரையில் நிழல்கள் வந்து நின்றன. முதல் அடி விழுந்தது. அவள் எட்டு விளக்குகளையும் ஒன்றாக, முழுதாக, மேடைமேல் ஏற்றினாள்.

மேடையில் யாரும் இல்லை. வெள்ளைத் துணி போர்த்திய காலிக் கதிரைகள் மட்டும் பளீரென்று ஜொலித்தன. கீழே இருட்டிலிருந்து தப்பு அதிர்ந்தது.

சனம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. "எங்கய்யா அடிக்கிறவங்க?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "கதிரையா அடிக்குது?" என்றாள் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது. பிறகு கீழே நிற்கிறார்கள் என்பது ஒவ்வொருவராகப் புரிந்து, சிரிப்பு அடங்கிப்போனது. ஒளி வழியும் அந்த வெற்று மேடையை எல்லாரும் பார்த்தார்கள். மேலே இடம் இருந்தும் கீழே நிறுத்தியிருக்கிறார்கள் என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ராஜரத்தினம் இருட்டில் தட்டுத் தடுமாறி ஓடி வந்தார். "என்ன செய்றீங்க? லைட்டக் கீழ திருப்புங்க."

"மேடைக்கு லைட்டு போடத்தானே என்னையக் கூப்பிட்டீங்க. மேடைக்குப் போட்டிருக்கேன்."

"அப்ப அணைங்க."

"அணைச்சா அதிதிகள் கதிரை தெரியாதே சேர். அதுக்காகத்தானே எடம் இல்லன்னு சொன்னீங்க."

செயலாளர் முஹம்மதின் பக்கம் திரும்பினார். முஹம்மது தன் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஏன்ட மைக்கும் மேலதான் ஈக்கி சேர்," என்றார்.

அதற்குள் பின்வரிசைத் தோட்டத்துப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். பார்க்கத்தானே வந்தோம் என்று நடுவழியால் நடந்து முன்னால் போய், தப்புக்காரர்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். முன்வரிசை அதிதிகளுக்கு அவர்களுடைய முதுகுதான் தெரிந்தது. பிரதம அதிதி நெளிந்தார். ராஜரத்தினம் முன்னால் ஓடி, தூரத்திலிருந்தே வீரையாவைப் பார்த்து மேலே போ என்று கையைக் காட்டினார். வீரையா அந்தக் கையைக் காணவே இல்லை, அடித்துக்கொண்டேயிருந்தார். செயலாளர் கிட்டப் போய்க் காட்டினார். அடி நிற்கவில்லை. கடைசியில் அவருடைய காதருகே குனிந்து வாய் திறந்து, "மேல வாங்க," என்றார் ராஜரத்தினம்.

தப்பு நின்றது. வீரையா பக்கப் படிக்குப் போகவில்லை. அதிதிகள் ஏறுவதற்குச் சிவப்பு விரிப்புப் போட்ட நடுப்படியால் ஏறினார். குழுவும் பின்னால் ஏறியது. கதிரைகளைப் பின்னுக்கு இழுத்துப் போட்டவர் செயலாளர்தான். வேறு யாரும் உதவிக்குப் போகவில்லை.

அடிப்பார்கள் என்று மண்டபமே பார்த்தது. வீரையா கட்டைவிரலால் தோலைத் தட்டிப் பார்த்தார். பக்கக் கதவு வழியே வந்த ஈரக் காற்றில் அது மறுபடி தளர்ந்திருந்தது. அவசரமே இல்லாமல் மேடையோரம் நடந்து, கம்பத்திலிருந்த விளக்கின் முன்னால் தப்பைத் தூக்கிப் பிடித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு விளக்கைத் தேடிப் போய்ப் பிடித்தார்கள். தேன் நிற வெளிச்சம் தோலில் பட்டு அவர்களுடைய முகங்களில் விழுந்தது. வீரையா இராஜகுமாரி இருந்த திசையைப் பார்த்தார். எதிர் வெளிச்சத்தில் அவளை அவருக்குத் தெரிந்திருக்காது.

தோல் காய நேரம் எடுக்கும். அதிதிகளும் செயலாளரும் காத்திருந்தார்கள்.