வாசிக்காமல் விட்ட பக்கம்

எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் கை ஓயக் கூடாது. காதுக்கு வேலை இல்லை. அதனால் குச்சி அடைக்கிற பெண்களுக்கு நான் புத்தகம் வாசிப்பேன். என் பங்குக் குச்சியை அவர்கள் பிரித்துக்கொண்டு அடைத்துவிடுவார்கள். பனி மூடிய நாட்டை நாள்கணக்கில் ரயிலில் கடந்த ஒருவரின் பயணப் புத்தகம்தான் எல்லோருக்கும் பிடித்தது. மதுரைக்கு அப்பால் போயிராதவர்கள், "இன்னைக்கு எந்த ஊரு வரும்?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவார்கள்.

அதில் ரயில் பெட்டியொன்று தீப்பிடித்து ஓர் இளம்பெண் இறந்துபோகிற பக்கத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து அடைக்கிற அக்காவின் மகள், போன வருஷம் இதே ஆபீஸில், தீக்குச்சி மருந்து கலக்கும் அறையில் வெந்து செத்தவள்.

அந்த அக்கா ஒரு சனிக்கிழமை புத்தகத்தை இரவல் கேட்டார். எப்படி மறுப்பது? திங்கட்கிழமை அதே பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தார்.

"ஏட்டி, இத ஏன் விட்ட?"

நான் மூடப்போன புத்தகத்தை அக்கா விரல் வைத்துத் தடுத்தார்.

"யாரோ ஒருத்தி செத்ததுக்கு ஒரு நாள் முழுக்க ரயில நிப்பாட்டியிருக்காவ. எம்மவ செத்த அன்னைக்கு மத்தியானமே உங்கள எல்லாம் திரும்ப அடைக்க உக்கார வச்சானுவ. மொதலாளி ரூமுக்குக் கேக்கட்டும், சத்தமா வாசி. ஒன் குச்சிய நான் அடைக்கேன்."