நீர்நாய்க்குத் தயிர்சாதம்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் நீர்நாய்க் குட்டி இருந்தது என்று சொன்னால், கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் செய்தது என்னவென்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வேலூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை கிடைத்தது. தங்கும் விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள விட மாட்டார்கள் என்று என்னை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். முதல் சில வாரங்கள் பேசினேன். பிறகு, குளிக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிடுவேன். விட்டுவிட்டுப் போனவளிடம் பேச என்ன இருக்கிறது? அத்தையும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், கொழந்தையை விட்டுட்டுப் போயிட்டா.

அத்தைக்கும் அத்திம்பேருக்கும் பிள்ளைகள் கிடையாது. அத்திம்பேர் ரிட்டையரான கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் நல்லவர்கள். நல்லவர்கள் என்பதை இப்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த வீட்டில் சாயங்காலம் டி.வி. செய்தியைத் தவிர வேறு பேச்சுக் குரல் கேட்காது. பள்ளிக்கூடத்தில் நான் வருஷ நடுவில் வந்து சேர்ந்தவள். கடைசி பெஞ்சில் ஓரத்து இடம். ஒரு நாள் முழுக்க நான் பேசியதை எண்ணிப் பார்த்தால் இருபது வாக்கியம் தேறாது.

அது மாசி மாதம். கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி, மணலும் அங்கங்கே மடுவுமாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் காலை நடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கரைச் சரிவில் நாணல் புதருக்கு அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் பெருச்சாளி அளவுக்கு ஒரு குட்டி. பழுப்பு மயிர், தட்டை மூக்கு, வாத்துக்கு இருப்பதுபோல் விரல்களுக்கு நடுவே தோல். தூரத்தில் இரண்டு தெருநாய்கள் படுத்திருந்தன. படுத்துத்தான் இருந்தன, எங்களைப் பார்த்து எழுந்துகூட நிற்கவில்லை. ஆனால் வீட்டில் போய்ச் சொல்லும்போது அத்திம்பேர் அவற்றைப் பாயவே வைத்துவிட்டார்.

"அநாதைடி இது," என்றார். தோள் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. என் கட்டைவிரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. அந்த ஊருக்கு வந்த பிறகு என்னை ஒருவர் தொட்டுப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அத்தை எங்களை வாசலிலேயே நிறுத்தினாள். எலியோ கீரியோ, எதுவானாலும் உள்ளே வரக்கூடாது என்றாள். குட்டி ஒரு தடவை கத்தியதும் இளகிவிட்டாள். கொல்லையில் துணி துவைக்கும் தொட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, ஒரு பக்கம் கோணியை மடித்துப் போட்டு, அதில் விட்டோம். அத்திம்பேர் போனில் படம் தேடிப் பார்த்து, நீர்நாய்தான் என்று உறுதி செய்தார். சாயங்காலத்துக்குள் அத்தை பெயரும் வைத்துவிட்டாள். தண்ணீரில் வாழ்கிற ஜீவன் என்பதால் மத்ஸ்யமூர்த்தி. கூப்பிடுவதற்கு மூர்த்தி. அது பெண் குட்டி என்பது கடைசியில்தான் தெரிந்தது.

மத்ஸ்யம் என்றால் மீன். பெயரில் மீனை வைத்தார்கள். வாயில் வைக்கவில்லை.

முதல் நாள் பசும்பாலைச் சர்க்கரை போட்டுப் பாலாடைச் சங்கில் புகட்டினாள் அத்தை. மறுநாள் அதற்கு வயிற்றுப்போக்கு. பால் சூடு என்று முடிவு கட்டி, தயிர்சாதத்தைக் குழைத்து ஊட்டினாள். ஊட்டும்போது பாசுரம்கூடச் சொன்னாள். அத்திம்பேர் தென்னூரில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டருக்குப் போன் பண்ணினார். அவர் ஒரே வார்த்தையில் மீன் என்றார். அத்தை கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அவர் நாய் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்? இங்க வந்துடுத்து, இனிமே இங்க என்ன உண்டோ அதுதான்."

அது எனக்கும் சேர்த்துச் சொன்னது மாதிரி இருந்தது. எனக்கும் அந்த வீட்டில் பிடிக்காத சாப்பாடு நிறைய இருந்தது.

தெருவில் இருக்கிறவர்கள் வந்து வந்து பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அத்திம்பேர் வாட்ஸப்பில் போட்டார். நூறு கும்பிடு வந்தது. குட்டியோ நாளுக்கு நாள் மெலிந்தது. மயிர் ஈரம் உலராமல் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராகக் கொல்லைக்குப் போய்விடுவேன். மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். நான் எழுந்தால் கத்தும். அது கத்துவது எனக்குப் பிடித்திருந்தது. சில சமயம் வேண்டுமென்றே எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வருவேன், என்னைத் தேடுகிறதா என்று பார்ப்பதற்காக. தேடியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை அது தலையைத் தூக்கவில்லை. செத்துவிடும் என்று பயந்துபோனேன். ஸ்கூல் பையோடு கொள்ளிடத்துக்கு ஓடினேன். மடுவில் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், பூனைக்குக் கொஞ்சம் மீன் வேண்டும் என்று கேட்டேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். ஸ்ரீசூர்ணக் கோடு அப்படியே இருந்தது.

"உங்க வீட்டுப் பூனை மீன் திங்குதா பாப்பா? தெரிஞ்சா பூனையையே தள்ளி வெச்சிருவாங்களே," என்று சிரித்தார். காசு வாங்கிக்கொள்ளாமல் ஒரு கை கெண்டைப் பொடிமீனை என் டிபன் பாக்ஸில் போட்டார். பிறகு தானாகவே புலம்பினார். "நாலு நாளா இந்தப் பக்கம் வலை போட விடமாட்டேங்குது. பெரிய நீர்நாய் ரெண்டு அந்த நாணலையே சுத்திச் சுத்தி வந்து விசிலடிக்கிற மாதிரி கத்துது. எதையோ தேடுதுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. எதைத் தேடுகின்றன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என்ன செய்தேன்? டிபன் பாக்ஸை மூடினேன். விட்டுவிட்டுப் போனவை இப்போது வந்து கத்தினால் என்ன, கத்தட்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மனசுக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது.

பல வருஷம் கழித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் வற்றி வளை வெளியே தெரிய ஆரம்பித்தால், தாய் நீர்நாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய் வேறு வளையில் வைக்கும். ஒன்றைப் புதரில் விட்டுவிட்டு இன்னொன்றைக் கொண்டுபோகும். திரும்பி வரும். ஆள் நின்றால் கிட்டே வராது, ஒளிந்திருந்து பார்க்கும். நாங்கள் அன்று நூறடி தள்ளிப் போய் நின்றிருந்தால் போதும்.

மூர்த்தி அந்தக் கெண்டையைத் தின்றதை நான் மறக்கவே முடியாது. முதலில் முகர்ந்தது. பிறகு தலையிலிருந்து ஆரம்பித்து முள்ளோடு கடித்தது. அந்தச் சத்தம் எங்கே உள்ளே கேட்டுவிடுமோ என்று குழாயைத் திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் வாங்கி வந்தேன். அது தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை அத்தை தொட்டி விளிம்பில் ஒரு செதிலைப் பார்த்தாள். என் பையை உதறினாள். டிபன் பாக்ஸைத் திறந்து முகர்ந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிக்கவில்லை. அழுதாள். அது இன்னும் மோசம். பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற வீட்டில் இதைக் கொண்டுவர உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அது செத்துப்போயிருக்கும் அத்தை என்றேன். செத்தா அது அதோட கர்மா என்றாள். பிறகு டிபன் பாக்ஸைக் குப்பையில் போட்டு, கொல்லையைக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அத்திம்பேர் வன இலாகாவுக்குப் போன் பண்ணினார். குட்டி செத்துக்கொண்டிருந்தபோது யாரும் பண்ணவில்லை. மீன் உள்ளே வந்ததும் பண்ணினார்கள்.

மத்தியானம் வனக்காவலர் ஒருவர் ஜீப்பில் கூண்டோடு வந்தார். ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போன ஆள். குட்டியை மெதுவாகத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்து, பெண் குட்டி என்றார். வீட்டில் வைத்திருந்ததே குற்றம் சார் என்று அத்திம்பேரிடம் தணிந்த குரலில் சொன்னார். கூண்டுக்குள் விட்டதும் அது கம்பியில் மூக்கை வைத்து என்னைப் பார்த்துக் கத்தியது. நான் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். "மனுசனைப் பார்த்தா பயந்து ஓடணும் பாப்பா. அப்பதான் ஆத்துல விட முடியும். இது ஓடி ஓடி வருது."

ஆறு மாதம் முயற்சி செய்தார்களாம். பேசாமல், முகத்தை மூடிக்கொண்டு, உயிர் மீனைத் தண்ணீரில் விட்டு அதுவே பிடிக்கும்படிப் பழக்கினார்களாம். மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டது. பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. வேறு ஊரில் ஒரு விலங்குக்காட்சி சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆள் நடமாட்டம் தெரிந்தாலே கம்பிக்கு ஓடி வரும் என்று அத்திம்பேர் யாரிடமோ கேட்டு வந்து, பெருமையாகச் சொன்னார்.

இதெல்லாம் பிறகு. அன்று ஜீப் கிளம்புவதற்கு முன்னால் அந்தக் காவலர் ஒரு தாளை எடுத்து, எங்கே கிடைத்தது, எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "எடுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் தள்ளி நின்னு பார்த்தீங்க?"

அத்திம்பேர் தொண்டையைக் கனைத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நிக்கவே இல்ல சார். பார்த்த உடனே எடுத்துட்டோம்."

அவர் பேனாவை மூடினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல காரியம் பண்ணினே என்று சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஒரு உயிரைக் காப்பாற்றியவளை ஒரு வார்த்தை பாராட்டத் தெரியவில்லையே, என்ன மனுஷர் என்று அன்று முழுக்க அவர்மேல் எனக்குக் கோபம்.