மேடத்தின் தொண்டையும் என் பிரெஞ்சும்

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. பட்டாபிராம் பக்கத்தில் அதைச் செய்கிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். கை காயில் இருப்பதால் இதைப் போனில் பேசிப் பேசித்தான் எழுதுகிறேன். நேரில் ஓர் ஆளைப் பார்த்து இவ்வளவு பேச என்னால் ஆகாது. போனுக்கு முகம் கிடையாது, அது ஒரு வசதி.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். வீடு சேக்காட்டில். ரயில் பாதையை ஒட்டின ஒரு மாடியில் பிரெஞ்சு டியூஷன் நடத்துகிற மேடத்திடம், கூட்டிப் பெருக்கவும் சமைக்கவும் டீ போடவும் சேர்ந்தேன். அப்போது ஒரு வயசான பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று சொன்ன ஒரே வீடு அதுதான். உங்கள் வீட்டிலும் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளை இருந்தால் நீங்களும் நம்ம கூட்டம்தான், நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் வரும். 'சாப்பிட்டிருப்பேன்', 'போயிருப்பேன்' என்று சொல்கிறோம் இல்லையா, நடந்திருக்கலாம், ஆனால் நடக்கவில்லை, அதற்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் தனியாக ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிச் சொல்ல வேண்டும். 'நான் சாப்பிட்டிருப்பேன்' என்றால் 'ஜோரே மான்ஜே'. மேடம் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். நடுவில் ரயில் வந்தால் எல்லோரும் நிறுத்திவிட்டு, அது தாண்டினதும் விட்ட ஆளிலிருந்து பிடிப்பார்கள். இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது காதிலேயே தங்கிவிட்டது. கோயில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்குப் பாட்டு மனப்பாடம் ஆகிறது இல்லையா, அப்படி.

வாய் தப்பி வந்தது

ரயில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே மேடத்தின் தொண்டை கெட்டது. பூந்தமல்லியில் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே காய்ப்பு மாதிரி இருக்கிறது, சில வாரம் வாயைத் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று சொல்லிவிட்டார். மேடத்துக்கு அந்த டியூஷனை விட்டால் வேறு வழியில்லை. அது மூடினால் பாப்பாவோடு என்னைச் சேர்த்துக்கொள்ளவும் வேறு வீடில்லை.

மறுநாள் மேடம் ஸ்கேலால் போர்டைத் தட்டினாங்க. சொல்ல ஆள் இல்லாமல் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வேகத்தில் போய், 'நாங்கள்' வந்த இடத்தில் மொத்தமாக நின்றுவிட்டார்கள். நான் கிச்சனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல், "நூ ஸோரியோன் மான்ஜே" என்று வாய் சொல்லிவிட்டது. மேடம் கிச்சன் வாசலுக்கு வந்து நின்றாங்க. வேலை போச்சு என்று நினைத்தேன். அவங்க கையில் இருந்த சிலேட்டில் 'மறுபடி சொல்' என்று எழுதிக் காட்டினாங்க. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மறுபடி சொன்னேன். கீர்த்தனா என்கிற பெண், அந்தக் கூட்டத்தில் வாய் கொஞ்சம் அதிகம், ஹாலில் இருந்தே சொன்னாள்: "அக்கா, நிறுத்தாதீங்க, அடுத்த ரயில் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

செருமல்

அதற்கப்புறம் நான் கிச்சனில் இருந்து சொல்ல, பிள்ளைகள் ஹாலில் திருப்பிச் சொல்ல, மேடம் போர்டில் எழுத, இப்படியே வகுப்பு நடந்தது. எனக்குத் தெரியாத சொற்களுக்கு மேடம் தன் பழைய வகுப்புகளின் பதிவுகளைப் போனில் போட்டுக் கொடுத்தாங்க. பாத்திரம் தேய்க்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். அதில் 'நீங்கள்' வருகிற வரிக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் 'க்ஹும்' என்று ஒரு சத்தம். அந்தப் பாஷையே பாதி தொண்டையில்தானே இருக்கிறது, இதுவும் சேர்த்திதான் என்று நம்பிவிட்டேன். நம்பினதோடு விட்டேனா, பக்தியாகச் சொல்லியும் கொடுத்தேன்.

ஒரு சாயங்காலம் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி, "க்ஹும், வூ ஸோரியே" என்று ஒப்பித்தார்கள். மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாங்க. மயக்கமோ என்று ஓடினேன். சிரிப்பு. சத்தம் போட்டுச் சிரிக்கவும் தடை என்பதால் தோள் மட்டும் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது. துடைத்துக்கொண்டு சிலேட்டை எடுத்து எழுதினாங்க: "அது பிரெஞ்சு இல்லை மஞ்சு, என் வியாதி."

வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். நான் பாப்பாவுக்கு ஊட்டும்போதும் துணி மடிக்கும்போதும் முணுமுணுப்பதைப் பார்த்து, முதலில் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கிறார். சாயங்கால வகுப்பு நீண்டுபோன நாளெல்லாம் வேலை முடிந்து நேராக டியூஷனுக்கு வந்து, பாப்பாவை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். ஒரு நாளும் ஏன் லேட்டு என்று கேட்டதில்லை. அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் வாயை மட்டும் அடக்கமாட்டார்.

"இன்னா மஞ்சு, ஊட்லயும் அதே பாட்டா? அர்த்தம் இன்னா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"சாப்பிட்டிருப்பேன், ஆனா சாப்பிடலைன்னு அர்த்தம்" என்றேன்.

தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். "சாப்பிடாததச் சொல்றதுக்கு ஒரு டியூசனு, அதுக்கு ஒரு பீஸு. நீ சோத்தப் போடு, நான் சாப்ட்டேன்னே சொல்லிக்கிறேன்."

திரும்பி உட்கார்ந்தவர்கள்

கீர்த்தனாவின் அப்பா கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர் இருக்கிற அப்பார்ட்மென்டில் இருந்துதான் பாதிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு நாள் மகளை அழைக்க முன்கூட்டியே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "இது எந்த ஆப்ங்க? நல்லாத்தான் இருக்குது" என்றார். ஆப் இல்லை, மஞ்சு அக்கா என்று பிள்ளைகள் சொன்னதும் அவருக்கு முகம் மாறியது. மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா நினைக்காதீங்க மேடம், பசங்களுக்குப் பப்ளிக் எக்ஸாம். கிச்சன்ல இருந்து யாரோ சொல்றாங்கன்னா நாலு பேர் என்னைக் கேப்பாங்க. முன்னால வந்து சொல்லட்டும், நானும் கேட்டுக்கறேன். இல்லீன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்." அவர் போனால் அந்த அப்பார்ட்மென்டே போகும். டியூஷன் அதோடு சரி.

ஹாலுக்கு வந்து நின்றேன். இரண்டு வருஷமாகப் பெருக்கின ஹால்தான். ஆனால் எல்லாக் கண்ணும் என் மேல். 'ஜோ' என்கிற எழுத்துகூட வரவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், காது சுடுகிறது. அப்போது மேடம் நாற்காலியில் நிமிர்ந்து வாயைத் திறந்தாங்க. எனக்காகப் பேசப் போறாங்க என்று தெரிந்துவிட்டது. பேசினால் அந்தத் தொண்டை என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கையைக் கூப்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

கரக் என்று ஒரு நாற்காலி சத்தம். பின்வரிசையில் ஒரு பிள்ளை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். பக்கத்துப் பெண்ணும் திருப்பினாள். ஒவ்வொருத்தராக மொத்த வகுப்பும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கீர்த்தனாவின் அப்பா ஒருத்தர்தான் என்னைப் பார்த்தபடி நின்றார். அவள் திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, நீங்களும் திரும்புங்க, அக்காவுக்கு வெட்கம்."

அரையாண்டு

அவர் திரும்பினார், எனக்குக் குரல் வந்தது, ஆறு ஆளையும் சொல்லி முடித்தேன். அரையாண்டு மார்க்கைப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று போனார். அந்தப் பரீட்சைக்கு நான் பயந்த மாதிரி என் எட்டாம் வகுப்புக்குக்கூடப் பயந்ததில்லை. பள்ளிக்கூடமும் பாதைக்குப் பக்கம்தான். பரீட்சை நடுவில் ரயில் போயிருக்கிறது. நம் பிள்ளைகள் மட்டும் பழக்கதோஷத்தில் பேனாவைத் தூக்கிக்கொண்டு, அது தாண்டும் வரை காத்திருந்தார்களாம். அங்கே நின்ற சார், "ரயில் அது பாட்டுக்குப் போகுது, நீங்க ஏன்டா நிக்கிறீங்க" என்று கேட்டாராம்.

மார்க் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏறியது என்று சொன்னால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும், ஆனால் இல்லை. கீர்த்தனாவின் அப்பா படியேறி வந்தபோது நான் கிச்சன் கதவுக்குப் பின்னால் இருந்தேன். மேடத்திடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "இறங்கலை இல்லீங்க, அது போதும், அவங்களே சொல்லட்டும்."

இன்றைக்கு

காலையில் மேடம் பூந்தமல்லிக்குப் போயிருக்காங்க. பேசலாமா கூடாதா என்று டாக்டர் இன்றைக்குத்தான் சொல்வார். நானும் வருகிறேன் என்றதற்கு, பாப்பா தூங்கட்டும், நீ இரு என்று எழுதிக் காட்டிவிட்டுப் போனாங்க. பாப்பா மேடத்தின் கட்டிலிலேயே தூங்குகிறாள். குரல் வந்துவிட்டால் எனக்குப் பழையபடி பெருக்குவதும் டீயும்தான். அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய், ஒரு துளி இருக்கும். இருந்தாலும் வரட்டும். சத்தமே வராத என் வாயை நம்பி மேடம் ஒரு டியூஷனையே ஒப்படைத்தாங்களே, முதுகைக் காட்டி உட்கார்ந்து என்னைக் காப்பாற்றினார்களே அந்தப் பிள்ளைகள், வேறு யார் எனக்கு அப்படிச் செய்வார்கள்.

மொத்தத்தில் நான் சொல்ல வந்தது என்னவென்றால், இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் நடக்காமல் போனதற்கெல்லாம் ஆளுக்கு ஒரு வரி செய்து வைத்திருக்கிறார்கள், ஆனால் நடந்துவிட்ட நல்லதுக்கு மட்டும்... இருங்க, படியில யாரோ மஞ்சுன்னு கூப்பிடுறாங்க, கரகரன்னு, பாதி காத்துதான் வருது, ஆனா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க, மேடம்தான், நான் போய்